எடுத்தது 38, வீடு கிடைத்தது 19

வாசகர் கடிதம் – மிருக வைத்தியரின் பதில்

தெஹிவளையிலிருந்து எழுதியிருக்கும் வாசகி ஒரு தனியார் வங்கியில் வேலை செய்கிறார். இரண்டு நண்பிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் சேர நான்கு பேராகக் கட்டாக்காலி நாய்களை மீட்டு வீடு தேடிக் கொடுக்கிறார்கள். முன்னால் சின்ன முற்றமுள்ள வாடகை வீடொன்றில் நாய்களை வைத்திருக்கிறார்கள். போன வருடத் தொடக்கத்தில் 6 நாய்கள் இருந்தன. வருடம் முழுக்க 38 நாய்களை எடுத்தார்கள், 24 நாய்களைக் கொடுத்தார்கள், அவற்றில் 5 திரும்பி வந்துவிட்டன. குட்டிகளில் 6 இரத்த வயிற்றுப்போக்கில் இறந்தன. இப்போது வீட்டில் 19 நாய்கள். பக்கத்து வீட்டுக்காரர் பொலிஸிலும் பொது சுகாதாரப் பரிசோதகரிடமும் முறைப்பாடு செய்திருக்கிறார். வீட்டு உரிமையாளர் மூன்று மாதத்தில் வீட்டை விடச் சொல்கிறார். கிளினிக்கில் கடன் ஏறியிருக்கிறது.

அவர் கேட்பவை: பாதுக்கைப் பக்கம் உறவினர் ஒருவர் தரும் 20 பேர்ச் காணியில் காப்பகம் கட்டலாமா? டொரொண்டோவில் இருக்கும் மச்சாள் மூலம் கனடாவுக்கு நாய்களை அனுப்ப முடியுமா? தத்துக் கொடுத்த நாய் ஒன்றை மூன்றடிச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறார்கள், கையெழுத்து வாங்கிய படிவத்தைக் காட்டித் திரும்ப எடுத்து வரலாமா? பெட்டை நாய்க்கு ஒரு தடவையாவது குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை செய்ய வேண்டுமா? கடிதத்தின் கடைசி வரி: “இனி முடியாது என்று சொன்னால் அந்த நாய் ரோட்டில் செத்துவிடும் என்ற பயத்தில்தான் ஒவ்வொன்றையும் எடுக்கிறேன்.”

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது நீங்கள் தந்திருக்கும் எண்கள். மீட்புக் குழுக்களில் பலருக்கு இந்தக் கணக்கே தெரியாது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். 24 கொடுத்து 5 திரும்பினால் நிலைத்த வீடுகள் 19. மாதத்துக்கு ஒன்றரை வீட்டுக்குச் சற்று மேல். நீங்கள் எடுத்ததோ மாதத்துக்கு மூன்றுக்கும் மேல். இன்று உங்கள் வீட்டில் இருக்கும் 19 நாய்களும் இதே வேகத்தில் வெளியேற ஒரு வருடம் ஆகும், அதுவும் இன்றிலிருந்து ஒன்றைக்கூடப் புதிதாக எடுக்காவிட்டால். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு புது நாயும் ஏற்கெனவே இருக்கும் 19 நாய்களின் காத்திருப்பை நீட்டுகிறது. கூட்டம் கூடினால் நோய் பரவுகிறது, சண்டை வருகிறது, அக்கம்பக்கம் முறைப்பாடு செய்கிறது, கொடுக்கும்போது அவசரப்படுகிறோம், அவசரத்தில் கொடுத்த நாய் திரும்பி வருகிறது. நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் ஐந்து பிரச்சினைகளுக்கும் வேர் இந்த ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விலங்குக் காப்பகங்களில் ஒரு நாய்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம் என்று வைப்பார்கள். கூடு கழுவ 9, சாப்பாடு வைக்க 6. மருந்து, குளிப்பாட்டல், நடத்திக்கொண்டு போவது எல்லாம் இதற்கு வெளியே. 19 நாய்க்கு அது நாளுக்கு நாலே முக்கால் மணித்தியாலம். வேலைக்குப் போகும் மூன்று பேரும் அறுபது தாண்டிய ஆசிரியை ஒருவரும் இதைச் செய்துகொண்டே வீடு தேடுவது, ஆட்களை விசாரிப்பது, கிளினிக்குக்கு ஓடுவது எல்லாவற்றையும் செய்ய முடியாது. முடியாததால் எது விடுபடும் என்றால் எப்போதும் வீடு தேடும் வேலைதான். ஏனென்றால் குரைக்கும் நாய்க்கு இப்போதே சாப்பாடு வேண்டும், வரப்போகும் எஜமானரின் தொலைபேசி அழைப்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எனவே என் முதல் ஆலோசனை உங்களுக்குக் கசக்கும். நாய்களின் எண்ணிக்கை 8க்கு இறங்கும்வரை புதிதாக எதையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். 8 ஏன்? 8 நாய்க்கு நாளுக்கு 2 மணித்தியாலம், அது உங்களால் முடியும். மாதத்துக்கு 2 வீடு நிலையாகக் கிடைத்தால் ஒரு நாய் நான்கு மாதத்துக்கு மேல் கூட்டில் கிடக்காது. நீண்ட காலம் கூட்டில் இருக்கும் நாய் மனிதரோடு வாழும் பழக்கத்தை இழக்கத் தொடங்கும், பிறகு அதற்கு வீடு கிடைப்பது இன்னும் கடினம்.

“ரோட்டில் விட்டால் செத்துவிடும்”

அடிபட்ட நாய்க்கும் தாயில்லாக் குட்டிக்கும் இது உண்மை. ஆனால் கொழும்பின் ஒழுங்கைகளில் வாழும் நாய்களில் பெரும்பாலானவை யாருமற்றவை அல்ல. ஒரு வீட்டில் காலை மீன்தலையும் சோறும், இன்னொரு கடையில் பின்னேரம் ரொட்டித் துண்டு, படுக்க ஒரு முச்சக்கர வண்டித் தரிப்பிடம் என்று அவற்றுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. அப்படியான ஆரோக்கியமான வளர்ந்த நாயைப் பிடித்து 19 நாய்களோடு அடைப்பது அதற்குக் கெடுதல். அதற்கு வேண்டியது விசர்நாய்த் தடுப்பூசி, கருத்தடை, பிறகு அதே ஒழுங்கையில் திரும்ப விடுதல். வேறு இடத்தில் விடக் கூடாது. தெரியாத இடத்தில் விட்டால் அங்குள்ள நாய்கள் கடித்துத் துரத்தும், பழைய ஒழுங்கையில் காலியான இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வரும்.

இது புதிய யோசனையும் அல்ல. 2006இல் தெருநாய்களைக் கொல்வது கொள்கையளவில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கொழும்பு மாநகர சபையும் ப்ளூ போ ட்ரஸ்ட் என்ற விலங்கு நல அமைப்பும் 2007இல் தொடங்கி நகருக்குள் தடுப்பூசி, கருத்தடை, மக்கள் கல்வி மூன்றையும் ஒன்றாக நடத்தின. ஓர் இடத்து நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் விசர் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் ஒழுங்கையில் 10 நாய் இருந்தால் 7க்கு ஊசி என்று அர்த்தம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுகிறார்கள். அடுத்த முகாம் எப்போது என்று அங்கே கேளுங்கள். உங்களை அழைத்து “ஒரு நாய் இருக்கு, வந்து எடுங்கோ” என்பவரிடம், “நீங்கள் சாப்பாடு போடுங்கள், ஊசிக்கும் ஒப்பரேஷனுக்கும் நாங்கள் பொறுப்பு” என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். அதுவும் மீட்புதான். உங்கள் கணக்குப் புத்தகத்தில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

குட்டிகள் ஏன் இறந்தன

நீங்கள் விவரித்த அறிகுறிகள், அதாவது சாப்பாட்டை மறுத்தல், வாந்தி, பிறகு நாற்றமுள்ள இரத்தக் கழிச்சல், இரண்டு மூன்று நாளில் மரணம், பார்வோ வைரஸுக்குப் பொருந்துகின்றன. நேரில் பார்க்காமல் அறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பார்வோ என்றே நினைத்து நடப்பது பாதுகாப்பு. கடிதத்தில் இரண்டு விஷயங்கள் எனக்குத் தட்டுப்பட்டன.

ஒன்று, “எல்லாவற்றுக்கும் ஊசி போட்டிருந்தோம்” என்கிறீர்கள். ஒரு ஊசி போட்டிருந்தீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசியை அது வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வித்தியாசப்படும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். நடுவில் நிறுத்திய குட்டியை ஊசி போட்டதாகக் கணக்கெடுக்க முடியாது.

மற்றது, டெட்டோல். டெட்டோல் ஊற்றிக் கழுவினால் வீடு மணக்கும், பார்வோ வைரஸ் சாகாது. அதைக் கொல்வது சாதாரண ப்ளீச் திரவம். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் மலமும் அழுக்கும் முழுவதும் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் அழுக்கின் மேல் ஊற்றிய ப்ளீச் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். பிறகு 9 லீற்றர் வாளித் தண்ணீருக்கு 300 மில்லிலீற்றர் ப்ளீச் கலந்து தரையில் ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே இருக்கவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள். கலவையை அன்றன்று செய்யுங்கள், நேற்றையது பலன் தராது. கழிவறை கழுவும் அமிலத்தோடு ப்ளீச்சைக் கலக்கவே வேண்டாம், நச்சுவாயு கிளம்பும். அலுமினியச் சட்டி, பிளாஸ்டிக் கோப்பை, கூட்டின் கம்பி எல்லாவற்றுக்கும் இதே முறை. துணியும் கடதாசியும் எரித்துவிடலாம்.

முற்றத்து மண்ணை எதைக் கொண்டும் சுத்தம் செய்ய முடியாது. வைரஸ் அதில் பல மாதங்கள், நிழலும் ஈரமுமான இடத்தில் ஒரு வருடம்கூட இருக்கும். ஆகவே ஊசித்தொடர் முடியாத குட்டி எதுவும் இனி அந்த வீட்டுக்குள் வரக் கூடாது. குட்டிகள் உங்களுக்கு வந்தால் வேறு நாய் இல்லாத, கடந்த ஒரு வருடத்தில் குட்டி இறக்காத ஒரு வீட்டில் 14 நாள் தனியே இருக்க வேண்டும். பராமரிப்பவர் ஒரு சோடிச் செருப்பையும் ஒரு மேற்சட்டையையும் அந்த அறைக்கென்றே வைத்துக்கொள்ளட்டும். நோய் பெரும்பாலும் செருப்பில்தான் அறைக்கு அறை போகிறது.

வாந்தி எடுக்கும் குட்டிக்கு ஜீவனி என்ற உப்பு–சர்க்கரைத் தூளைக் கரைத்து வாயில் ஊட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். வாந்தி நிற்காத குட்டிக்கு அது உள்ளே தங்காது, மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு. நரம்பு வழியாகச் சேலைன் ஏற்ற வேண்டும். முதல் நாளே கொண்டுவந்தால் பல குட்டிகள் பிழைக்கும், மூன்றாம் நாள் கொண்டுவந்தால் நாங்கள் செய்யக்கூடியது குறைவு.

காப்பகம், கனடா

20 பேர்ச் காணியில் காப்பகம் கட்டினால் 19 நாய் ஒரு வருடத்தில் 60 ஆகும். நாய்களைக் கொண்டுபோய் விட ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தவுடன் இரவில் பெட்டியில் போட்டுக் கேற்றடியில் வைத்துவிட்டுப் போவார்கள். தெஹிவளையிலிருந்து பாதுக்கைக்கு நீங்கள் எந்த நாளில் போவீர்கள்? தத்தெடுக்க விரும்பும் வெள்ளவத்தைக் குடும்பம் எந்த நாளில் போகும்? சம்பளத்துக்கு இரண்டு வேலையாட்கள் இல்லாத தூரத்துக் காப்பகத்தில் நாய்கள் பாதுகாப்பாக இருக்காது. சாப்பாட்டை மட்டும் பாருங்கள்: 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு உலர் உணவென்றால் நாளுக்கு ஏறக்குறைய 240 கிராம். 60 நாய்க்கு மாதம் 430 கிலோ. உறவினரின் அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, காணிக்குப் பதிலாக முடிந்த பணத்தைக் கருத்தடைக்குத் தரச் சொல்லுங்கள்.

கனடா வழி மூடியிருக்கிறது. 2022 செப்டம்பர் 28 முதல், விசர் நோய் அதிகமுள்ள நாடுகள் எனத் தான் பட்டியலிட்டவற்றிலிருந்து “வணிக” வகை நாய்களைக் கனடா அனுமதிப்பதில்லை. அந்தப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. விற்பதற்கு மட்டுமல்ல, தத்துக் கொடுப்பதற்கு அனுப்பும் நாயும் அந்த வகைக்குள்தான் வரும். மச்சாளின் பெயரில், அவருடைய சொந்த நாய் என்று கடதாசி எழுதி அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். விமான நிலையத்தில் பிடிபட்டால் நாய்தான் திருப்பி அனுப்பப்படும். மச்சாளால் செய்யக்கூடிய நல்ல காரியம், வீடு கிடைக்காத கிழட்டு நாய் ஒன்றின் மாதச் செலவை ஏற்பது.

வீடு கொடுக்கும் வேலை

உங்கள் நேரம் முழுவதும் போக வேண்டிய இடம் இது.

ஐந்து நாய்கள் திரும்பி வந்த காரணங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “இரவில் அழுகிறது”, “வீட்டுக்குள் மூத்திரம் பெய்கிறது”, “வீட்டுக்காரர் வேண்டாம் என்றார்”, “விசா வந்துவிட்டது”, “பெட்டை என்று தெரியாது”. ஆட்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஐந்தில் மூன்றை ஒரு கேள்வியால் தடுத்திருக்கலாம், மற்ற இரண்டை முதல் இரவுக்கு முன்னான ஒரு பேச்சால்.

வருமானம் எவ்வளவு, வீடு எவ்வளவு பெரிது என்று கேட்கும் படிவம் பயன்படாது. கேட்க வேண்டியவை வேறு. வாடகை வீடா? என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில். தொடர்மாடியா? என்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் விதிகளில் செல்லப்பிராணிக்கு அனுமதி உண்டா என்று அவர்களே விசாரித்துச் சொல்லட்டும். காலை பத்து மணிக்கு வீட்டில் யார் இருப்பார்? முன்பு நாய் வளர்த்தார்களா, அது கடைசியில் என்ன ஆனது? நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனால் நாய் யாரிடம்? குடும்பத்தில் யாராவது வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா, விசா வந்தால் நாயை எடுப்பவர் பெயர் என்ன? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நம்மவர் வீடுகளில் இன்று நாய் கைவிடப்படுவதற்கு அது பெரிய காரணம். அம்மம்மாவோ அப்பப்பாவோ இருக்கும் வீடென்றால் அவர்களிடம் நேரில் பேசுங்கள். “நாய் சாமியறைப் பக்கம் வரக் கூடாது” என்பவருக்கு, வராமல் பழக்க முடியும் என்று காட்டினால் போதும். பேசாமல் கொடுத்தால் இரண்டாம் கிழமை நாய் திரும்பி வரும்.

நேரில் போய்ப் பார்க்கும்போது வீட்டின் அழகைப் பார்க்க வேண்டாம், கேற்றைப் பாருங்கள். கேற்றின் அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் குட்டி வெளியே போகும், வளர்ந்த நாயும் மண்ணைக் கிளறிப் போகும். ஒரு பலகையைக் குறுக்கே அடிக்கச் சொல்லுங்கள். மதிலோரம் தண்ணீர்த் தொட்டியோ செங்கல் குவியலோ இருந்தால் அது ஏணி.

ஒப்படைக்கும் நாளை அவர்கள் இரண்டு நாள் வீட்டில் இருக்கும் சனிக்கிழமை காலையாக வையுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் டிசம்பர் 31க்கும் முந்தைய இரண்டு கிழமைகளில் எந்த நாயையும் கொடுக்க வேண்டாம். வெடிச் சத்தத்தில் ஓடும் நாய்க்கு இன்னும் அந்த வீட்டு வழி தெரியாது.

முச்சக்கர வண்டியில் கொண்டுபோவதானால் இரண்டு பேர் வேண்டும், நாய் நடுவில், பட்டி கழுத்தில் ஒன்று நெஞ்சில் ஒன்று, இரண்டிலும் கயிறு. கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் போக வேண்டும், மூன்றாவது விரலும் போனால் நாய் தலையை உருவிக்கொள்ளும். நாய் தப்புவது பெரும்பாலும் வாகனத்திலிருந்து இறங்கிக் கேற் திறக்கும் அந்த அரை நிமிடத்தில்தான். கேற் பூட்டி, கொண்டி விழுந்த சத்தம் கேட்ட பிறகே கயிற்றைக் கழற்றுங்கள். பட்டியில் உங்கள் தொலைபேசி எண்ணும் புது எஜமானரின் எண்ணும் இருக்கட்டும்.

முதல் மூன்று நாள் குளிப்பாட்டல் வேண்டாம், பார்க்க வரும் சொந்தக்காரர் வேண்டாம். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை முற்றத்தின் ஒரே மூலைக்குக் கூட்டிப்போனால் மூத்திரப் பிரச்சினை பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமையில் தீரும், அடித்தால் தீராது, ஒளிந்து பெய்யப் பழகும். இரவில் நாய் மனிதரின் மூச்சு கேட்கும் தூரத்தில் படுக்கட்டும், அழுகை சில நாளில் அடங்கும். சாப்பாட்டை ஒரு கிழமைக்குள் மெல்ல மெல்ல மாற்றச் சொல்லி, நீங்கள் கொடுக்கும் உணவில் ஒரு பொதியைக் கையில் கொடுங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு போகும், “நோய் நாயைத் தந்துவிட்டார்கள்” என்ற பேச்சு வரும்.

பிறகு இரண்டாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் அழையுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்பார்கள், ஒன்றும் தெரியாது. “நேற்று இரவு எங்கே படுத்தது? காலையில் என்ன சாப்பிட்டது?” என்று கேளுங்கள். தயக்கம் குரலிலேயே தெரியும். நாயைத் திருப்பித் தர விரும்புபவரைத் திட்டாதீர்கள். உங்கள் திட்டுக்குப் பயந்தவர் அதை மீன் சந்தையடியில் விட்டுவிட்டு “ஓடிப்போச்சு” என்பார்.

விளம்பரத்தில் “பாவம், யாராவது எடுங்கள்” என்று எழுதுவதை விடுங்கள். இரக்கத்தில் எடுப்பவர் இரக்கம் ஆறியதும் கொடுத்துவிடுவார். நாயின் கண் மட்டத்தில் பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம், வயது, எடை, குழந்தைகளோடும் பூனையோடும் எப்படி, எதற்குப் பயம் என்று நான்கு வரி. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். கடித்த வரலாறு இருந்தால் மறைக்கவே கூடாது.

பெட்டைக் குட்டிகள்

ஒரு தடவை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பது பரவலான நம்பிக்கை, அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. முதல் பருவம் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் வரும், சினைக்காலம் 63 நாள் அளவு. “ஒரு தடவை” என்று காத்திருந்தால் ஒரு வருடத்துக்குள் உங்கள் கையில் இன்னும் ஐந்தாறு குட்டிகள். 5 மாதத்தில், முதல் பருவத்துக்கு முன் செய்துவிடுங்கள். கருத்தடை செய்த பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது, தெருக் கடுவன்கள் கேற்றடியில் கூடாது. சிறு குட்டியாகக் கொடுக்கும்போது கருத்தடைக் கட்டணத்தைக் கிளினிக்கில் நீங்களே முன்கூட்டிக் கட்டி, திகதி குறித்த துண்டைக் கையில் கொடுங்கள். “கடுவன் குட்டிதான் வேண்டும்” என்று வருபவர்களில் பலர் உண்மையில் பயப்படுவது குட்டிக்கும் செலவுக்கும்தான். அந்தப் பயம் தீர்ந்தால் பெட்டையை எடுப்பார்கள்.

சங்கிலி, பக்கத்து வீடு, வீட்டு உரிமையாளர்

கையெழுத்துப் படிவம் ஓர் ஒப்பந்தம்தான். அதை வைத்து வழக்குப் போடலாம், மற்றவர் காணிக்குள் நுழைந்து நாயை அவிழ்க்க முடியாது. அப்படிச் செய்தால் அத்துமீறலுக்குக் குற்றவாளி நீங்கள். 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறைப்பாடு செய்ய வழி உண்டு. ஆனால் அதன் அபராதம் நூறு ரூபாவோடு நிற்கிறது, சங்கிலியில் கட்டுவதை மட்டும் வதை என்று நிரூபிப்பதும் சுலபமல்ல. ஆகவே முதலில் போய்ப் பேசுங்கள். ஏன் கட்டினார்கள் என்று கேளுங்கள். பத்துக்கு எட்டுத் தடவை கேற் சரியில்லை, அல்லது நாய் செருப்பைக் கடிக்கிறது. பலகையையும், சங்கிலி வழுக்கி ஓடும் நீண்ட கம்பியையும் நீங்களே கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுத்தால் பாதி தீரும். தீராவிட்டால், “உங்களுக்குச் சிரமமாக இருக்கிறது, நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்” என்று அவர்கள் முகம் சிறுக்காத விதத்தில் கேளுங்கள். அடுத்த படிவத்தில் “நிரந்தரமாகக் கட்டி வைப்பதில்லை; வைத்திருக்க முடியாவிட்டால் குழுவிடமே திருப்பித் தருவேன்” என்ற இரண்டு வரியையும் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிச் சேருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரை எதிரியாகப் பார்க்காதீர்கள். 19 நாய்களின் இரவுச் சத்தம் உண்மையான தொல்லை. பொதுத் தொல்லை என்று பொலிஸார் விடயத்தை நீதவானிடம் கொண்டுபோகவும் முடியும். நாய்களை ஒவ்வொரு வருடமும் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்பது பழைய சட்டம், தெஹிவளை–கல்கிசை மாநகர சபையில் அதைச் செய்துவிடுங்கள். பரிசோதகர் வரும்போது பதிவுத் துண்டுகள், ஊசி அட்டைகள், கழிவு அகற்றும் முறை மூன்றும் ஒரு கோப்பில் இருக்கட்டும். வீட்டு உரிமையாளரிடம் எந்த மாதத்தில் எத்தனை நாய் குறையும் என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள். 19, 14, 10, 8. முதல் மாதத்துக் குறைவுக்குத் தற்காலிகப் பராமரிப்பு வீடுகளைப் பிடியுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாய், மூன்று கிழமை, சாப்பாடும் மருந்தும் உங்களுடையது. “வளர்க்க முடியாது, ஆனால் உதவலாம்” என்று உங்களிடம் சொன்ன எல்லோரையும் இப்போது அழையுங்கள். தொடர்மாடிக்கு அமைதியான வளர்ந்த நாய் பொருந்தும், குட்டி பொருந்தாது.

பணத்துக்கு ஒன்றே ஒன்று: உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து இதைப் பிரியுங்கள். இரண்டு கையெழுத்துள்ள தனிக் கணக்கு, நாய்க்கு ஒரு பக்கம் கொண்ட புத்தகம். உதவுபவர்கள் கிளினிக் பில்லை நேரடியாகக் கிளினிக்கிலேயே கட்டட்டும்.

கடி

ஆசிரியையை ஒரு குட்டி கடித்ததையும், “குட்டிதானே” என்று மஞ்சள் பூசிவிட்டதையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை மிகவும் கலங்க வைத்த வரி அது. மூன்று மாதமாகாத குட்டிக்கும் விசர் வரும். தெருவில் எடுத்த நாய்க்கு இன்று ஊசி போட்டாலும், அது முன்பே கடிபட்டு நோய் உடலுக்குள் வளர்ந்துகொண்டிருந்தால் ஊசி காப்பாற்றாது. அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே உமிழ்நீரில் கிருமி இருக்கும். அறிகுறி வந்த மனிதருக்குச் சிகிச்சை இல்லை.

கடித்த அல்லது கீறிய இடத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கடித்த நாயைக் கொல்லாமல் 14 நாள் தனியே வைத்துப் பாருங்கள். அதற்குள் இறந்தால் வெறும் கையால் தொடாமல், மிருக வைத்தியர் மூலம் தலையை ஐஸில் வைத்து பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆசிரியை கடிபட்டு எத்தனை நாள் ஆகியிருந்தாலும் சரி, இதை வாசித்தவுடன் அவரை தேசிய வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தாமதமாகிவிட்டது என்று நினைத்துப் போகாமல் இருக்க வேண்டாம். அந்தக் குட்டி இப்போது உயிரோடு இருக்கிறதா, இறந்த ஆறில் ஒன்றா என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சிகிச்சையை அது தீர்மானிக்கும். மற்ற மூன்று பேரும் கடிபடுவதற்கு முன்பே போடும் தடுப்பூசித் தொடரைப் பற்றி அதே இடத்தில் விசாரியுங்கள். அதைப் போட்டிருந்தாலும் பிறகு கடிபட்டால் மேலதிக ஊசிக்குப் போக வேண்டும். நீங்கள் நான்கு பேரும் இதை முடிக்கும்வரை, ஊசி போடாத நாய்களின் கூட்டைத் திறக்கும் வேலையை வேறு யாரிடமும், முக்கியமாக உதவிக்கு வரும் பாடசாலைப் பிள்ளைகளிடம், கொடுக்காதீர்கள்.